நெட்வொர்க்கை முதலில் தாளில் வரையுங்கள்: கட்டமைப்பு வகைகளும் அவை வேலை செய்யும் விதமும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை. முன்பக்கம் இரண்டு பில்லிங் கணினி, உள்ளே கணக்கருக்கு ஒன்று, முதலாளி மேசையில் ஒரு லேப்டாப், ஒரு பிரின்டர், எட்டு கேமரா. பழைய டவுனில் ஒரு குடோன். புதுச்சேரியில் புதிதாக ஒரு கிளை. "தம்பி, எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சுக் குடுத்துடுங்க, எவ்வளவு ஆகும்?" என்று முதலாளி கேட்டார். நான் விலை சொல்லவில்லை, ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன்.

நெட்வொர்க் கட்டமைப்பு என்று புத்தகத்தில் தேடினால் பியர் டு பியர், கிளையன்ட் சர்வர், பஸ், ஸ்டார், மெஷ் என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டிருப்பார்கள். படிப்பவர்களுக்குக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இவை இரண்டு தனித்தனிப் படங்கள். யார் யாரிடம் வேலை கேட்கிறார்கள் என்பது ஒரு படம். கம்பி எந்த வழியாகப் போகிறது என்பது இன்னொரு படம். முதல் படத்தில் பியர் டு பியரும் கிளையன்ட் சர்வரும் வரும். இரண்டாவதில் பஸ், ரிங், ஸ்டார், மெஷ் வரும். கம்பி ஒரே மாதிரி இருக்க, வேலை முறை மாறலாம். இந்தக் கடையிலேயே அது நடந்தது.

முதல் படி: யார் யாரிடம் கேட்கிறார்கள்?

தாளில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வட்டம் போடுங்கள். பில்லிங் கணினிக்குச் சரக்கு விலை எங்கிருந்து வர வேண்டும்? பிரின்டரை யார் யார் பயன்படுத்துவார்கள்? கேமரா பதிவை யார் பார்ப்பார்கள்? கேட்பவரிடமிருந்து கொடுப்பவருக்கு அம்புக்குறி போடுங்கள். பத்து நிமிட வேலைதான். அம்புகள் எல்லாம் ஒரே வட்டத்தில் போய்க் குவிந்தால் உங்களுக்கு வேண்டியது கிளையன்ட் சர்வர். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் பியர் டு பியரே போதும்.

பியர் டு பியர் என்றால் எல்லாரும் சமம். ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளதைப் பிறருக்குக் கொடுக்கும், பிறரிடமிருந்தும் வாங்கும். தனியாகத் தலைமை கிடையாது. ஒரு கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்துவிட்டு மற்ற கணினிகளிலிருந்து திறக்கிறோமே, அதுதான். மூன்று நான்கு கணினி உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ இது தாராளம். செலவும் இல்லை.

சிக்கல் எப்போது வரும்? இந்தக் கடையில் கணக்கு டேட்டா முழுவதும் கணக்கரின் கணினியில் இருந்தது. மற்றவர்கள் அதைத் திறந்து பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கர் மதியம் சாப்பிடப் போகும்போது பழக்கத்தில் கணினியை அணைத்துவிட்டுப் போவார், முன்னால் இரண்டு கவுன்டரிலும் பில் நின்றுவிடும். பார்க்கப் போனால் அந்தக் கணினி எப்போதோ சர்வர் ஆகிவிட்டது. யாரும் அதற்கு அந்தப் பெயரை வைக்கவில்லை, அந்தப் பாதுகாப்பையும் கொடுக்கவில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. சாதாரண விண்டோஸ் 10, 11 கணினி ஒன்றின் ஷேரை ஒரே நேரத்தில் அதிகபட்சம் 20 கருவிகள்தான் பயன்படுத்த முடியும். அதன் பிறகு சர்வருக்கான விண்டோஸோ லினக்ஸோ வேண்டும். என் கணக்கில் ஐந்து கணினியைத் தாண்டினாலோ, ஒரு மணி நேரம் நின்றால் வியாபாரம் கெடும் என்றாலோ கிளையன்ட் சர்வருக்குப் போய்விடுவது நல்லது.

கிளையன்ட் சர்வரில் ஒரு கணினி கொடுப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும். கிளையன்ட் கேட்கும், சர்வர் பதில் தரும். சர்வருக்கு ஒரு ஐபி முகவரி இருக்கும். அதற்குள் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு போர்ட் எண் உண்டு. ஃபைல் ஷேருக்கு 445, பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443. முகவரி வீட்டு எண் மாதிரி, போர்ட் அந்த வீட்டில் எந்தக் கதவைத் தட்டுவது என்பது மாதிரி. நன்மை என்னவென்றால், பேக்கப் ஓர் இடத்தில் எடுத்தால் போதும், யார் எதைத் திறக்கலாம் என்று ஓர் இடத்திலேயே கட்டுப்படுத்தலாம். தீமையும் அதே இடத்தில்தான், அந்த ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். ஆகவே சர்வர், கருவிகளின் கம்பிகள் வந்து சேரும் சுவிட்ச், வெளி இணையத்தோடு இணைக்கும் ரவுட்டர் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். சர்வருக்கு மட்டும் யூபிஎஸ் போட்டுவிட்டு சுவிட்சை வீட்டு மின்சாரத்தில் விட்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கரண்ட் போனால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், அதனிடம் போய்ச் சேர வழி இருக்காது.

சர்வர் கடைக்குள்ளே இல்லாமல் வேறு ஊரில் ஒரு டேட்டா சென்டரில் இருந்தால் அதற்குப் பெயர் கிளவுட். படத்தில் மாறுவது அம்பின் நீளம் மட்டும். அந்த நீண்ட அம்பு இணையத்தின் வழியே போவதால், இணையம் அறுந்தால் பில்லும் அறும். மழைக்காலத்தில் நம் கடற்கரையோரத்தில் இதை யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாம் படி: கம்பியின் வடிவம்

இப்போது இரண்டாவது படம். கடையின் தரைப்படத்தை வரைந்து, எது எதன் வழியாகப் போகிறது என்று கோடு போடுங்கள்.

பஸ் வடிவத்தில் ஒரே நீளக் கம்பி, எல்லாக் கணினியும் அதில் தொங்கும். 1973-ல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை உருவாக்கியபோது அது இப்படித்தான் இருந்தது. பிறகு வந்த மெல்லிய கோஆக்சியல் கம்பியில் ஒரு துண்டு 185 மீட்டர் வரை போகலாம், இரு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்ட வேண்டும். நடுவில் எங்காவது ஒரு இணைப்புக் கழன்றால் மொத்தமும் நின்றுவிடும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் இரு பக்கமும் வண்டி நிற்குமே, அந்த நிலைமைதான். இன்று அலுவலகங்களில் யாரும் பஸ் போடுவதில்லை.

ரிங் வடிவத்தில் கம்பி வட்டமாகச் சுற்றி வரும். ஐபிஎம்மின் டோக்கன் ரிங்கில் ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்கும், அது கையில் வந்தவர் மட்டும் பேசலாம். அலுவலகத்துக்குள் அது மறைந்துவிட்டது. ஆனால் ஊருக்கு ஊர் ஃபைபர் போடும் நிறுவனங்கள் இன்றும் ரிங்கைத்தான் நம்புகிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் டேட்டா மறுபக்கமாகச் சுற்றிப் போய்ச் சேரும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, அவற்றில் கட்டியிருந்த கம்பிகளும் கூடவே போயின. இணைய நிறுவனத்திடம் "உங்கள் ஃபைபர் எங்கள் ஊருக்கு எத்தனை பாதையில் வருகிறது, கம்பத்திலா தரைக்கடியிலா?" என்று கேட்டுவிட்டுக் கனெக்‌ஷன் வாங்குங்கள். வேகம் எவ்வளவு என்று கேட்பதைவிட இது முக்கியம்.

ஸ்டார்தான் இன்று கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றிலும் உள்ள வடிவம். நடுவில் சுவிட்ச், அதிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கம்பி. ஒரு கம்பி அறுந்தால் அந்த ஒரு கருவி மட்டும் நிற்கும். இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் பழுது பார்ப்பதன் பாதி இங்கே இருக்கிறது.

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு மேக் முகவரி உண்டு. பில்லிங் கணினி சர்வரிடம் பேச வேண்டும், அதற்குச் சர்வரின் ஐபி தெரியும், மேக் தெரியாது. உடனே "192.168.10.5 யாரு?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கும். சர்வர் மட்டும் "நான்தான், என் மேக் இது" என்று பதில் சொல்லும். இதற்குப் பெயர் ஆர்ப். இந்தப் பேச்சு தன் வழியே போகும்போது சுவிட்ச், எந்த மேக் எந்தத் துளையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த மேக்குக்கு ஏதாவது வந்தால் அந்தத் துளைக்கு மட்டும் அனுப்பும். தெரியாத மேக் என்றால் எல்லாத் துளைக்கும் அனுப்பும்.

இந்த "எல்லாருக்கும் அனுப்புவது" ஒரு நாள் என்னைக் கவிழ்த்தது. மஞ்சக்குப்பத்தில் நான் அமைத்துக் கொடுத்த ஒரு அலுவலகம். காலையில் போன் வந்தது, எதுவுமே வேலை செய்யவில்லை என்றார்கள். போய்ப் பார்த்தால் சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மினுக்கின. ரவுட்டரை மாற்றினேன், சர்வரை மறுபடி ஏற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒரு நீலக் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அதன் இரு முனையும் அதே சுவிட்சில் மாட்டியிருந்தது. முதல் நாள் மாலை பெருக்கும்போது ஒரு முனை கீழே தொங்குவதைப் பார்த்து, கழன்றுவிட்டதோ என்று யாரோ நல்லெண்ணத்தில் செருகியிருக்கிறார்கள். எல்லாருக்கும் போக வேண்டிய குரல் அந்த வட்டத்தில் நுழைந்து, வெளியே வர வழியில்லாமல் பெருகிக்கொண்டே போய்விட்டது. ஒரு முனையைப் பிடுங்கினேன், இரண்டு நொடியில் எல்லாம் ஓடியது.

இதற்கு மருந்து ஸ்பேனிங் ட்ரீ. ரேடியா பெர்ல்மன் 1985-ல் வடிவமைத்தது. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, எங்கே வட்டம் இருக்கிறதோ அங்கே ஒரு துளையைத் தாமாகவே மூடிவைக்கும். முதல் பாதை அறுந்தால் மூடியதைத் திறந்துகொள்ளும். விலை குறைந்த சாதாரண சுவிட்சுகளில் பெரும்பாலும் இது கிடையாது. இது உள்ள, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்ட் சுவிட்ச் கொஞ்சம் விலை கூடத்தான், நடுவில் வைக்கும் ஒன்றையாவது அந்த வகையில் வாங்குங்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

ட்ரீ என்பது ஸ்டார்களை அடுக்கியது. மாடிக்கு ஒரு சுவிட்ச், கீழே ஒன்று, இரண்டும் நடுச் சுவிட்சுக்கு. நம் வீட்டுக்கு வரும் ஃபைபர் இணையமும் மரம்தான். நிறுவனத்தின் ஓஎல்டி கருவியிலிருந்து ஒரு ஃபைபர் இழை கிளம்பும், தெருவில் ஒரு ஸ்ப்லிட்டர் அதன் ஒளியை 8, 16, 32 என்று பிரிக்கும். ஸ்ப்லிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. கீழே வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளத்தில் எல்லா வீட்டுக்கும் போகும், உங்கள் வீட்டுக் கருவி உங்களுக்கானதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேலே போவது 1310 நானோமீட்டரில். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நேரம் ஒதுக்கியிருப்பதால் ஒன்றோடொன்று மோதாது. லைன்மேன் வந்தால் "பவர் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். வந்து சேரும் ஒளியின் அளவு அது, டிபிஎம் கணக்கில் சொல்வார்கள். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி, மைனஸ் 27-ஐ நெருங்கினால் அடுத்த மழைக்கே, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிவிடும்.

மெஷ் வடிவத்தில் ஒவ்வொன்றுக்கும் பல பாதைகள். புதுச்சேரி டவுனில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வீதிகள் இதற்கு நல்ல உதாரணம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடிவிட்டால் வண்டிக்காரர் மிஷன் வீதிப் பக்கம் திரும்பிப் போய்விடுவார். இணையத்தின் முதுகெலும்பே இப்படித்தான், ரவுட்டர்கள் வழி பார்த்து மாற்றிவிடுகின்றன. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் நேராக இணைக்க வேண்டும் என்றால் 6 கருவிக்கு 15 கம்பி, 10 கருவிக்கு 45 கம்பி. கடைக்குள் அது வீண். மெஷ் வைஃபை என்று விற்பதும் இந்தக் குடும்பம்தான். அந்தப் பெட்டிகளைக் காற்று வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ விட்டால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் குறையும். முடிந்தால் ஒவ்வொரு பெட்டிக்கும் கம்பி இழுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: கம்பி இழுப்பது

கேட் 6 என்ற நெட்வொர்க் கம்பியை ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும், வேண்டாம். கேமராவுக்கு அதிலேயே மின்சாரம் அனுப்பினால் சூடாகும், மின்னழுத்தமும் குறையும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கம்பி முனையில் மாட்டும் ஆர்ஜே 45 இணைப்பியில், கொக்கி கீழே இருக்க இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. பச்சை இரண்டும் சேர்ந்து உட்காராமல் நீல ஜோடி நடுவில் வருவதைக் கவனியுங்கள், புதிதாகக் கிரிம்பிங் செய்பவர்கள் தவறுவது அங்கேதான்.

இது நம் ஊருக்கென்று ஒரு குறிப்பு. சில்வர் பீச் பக்கம் ஒரு வீட்டில் கேமரா அடிக்கடி நிற்கிறது என்று வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தேன். இணைப்பியின் எட்டு ஊசிகளில் மூன்று பச்சை பூத்துப் போயிருந்தன. உப்புக் காற்று. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. கடலோரத்தில் இணைப்பிகளை முடிந்த வரை வீட்டுக்குள் வையுங்கள், வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் ரப்பர் வாய் உள்ள பெட்டியில், கம்பி கீழிருந்து ஏறும்படி வையுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்பு வேண்டாம், ஃபைபர் போடுங்கள். இடி இறங்கினால் செம்பு அதை இரண்டு பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

நான்காம் படி: முகவரியும் தடுப்பும்

உள் நெட்வொர்க்குக்கென்று ஒதுக்கிய முகவரிகள் மூன்று தொகுதி, 10-ல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-ல் தொடங்குபவை. கடலூர்க் கடைக்கு 192.168.10, குடோனுக்கு 192.168.20, புதுச்சேரிக்கு 192.168.30 என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிட்டேன். எல்லா இடத்திலும் ரவுட்டர் வந்தபடியே 192.168.1 என்று விட்டிருந்தால், பின்னால் கிளைகளை இணைக்கும்போது எது எந்த ஊர் என்று ரவுட்டருக்குத் தெரியாமல் போகும்.

சர்வர், பிரின்டர், கேமராப் பதிவுப்பெட்டி இவற்றுக்கு நிலையான முகவரி. மற்றவற்றுக்கு ரவுட்டரில் உள்ள டிஹெச்சிபி என்ற சேவை தானாக முகவரி கொடுக்கும். ஒரு நெட்வொர்க்கில் டிஹெச்சிபி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். வைஃபை எட்டவில்லை என்று ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து அப்படியே மாட்டினால் அதுவும் முகவரி கொடுக்கத் தொடங்கும், பாதிப் பேருக்கு இணையம் வரும், பாதிப் பேருக்கு வராது. மாட்டுவதற்கு முன் அதில் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் தடுப்பு. 4 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும், எட்டுக்கு 32. கிகாபிட் சுவிட்சுக்கு அது பாரமில்லை. பிரச்சினை பாதுகாப்புதான். கேமராவும் வாடிக்கையாளர் வைஃபையும் கணக்கு சர்வரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. விலேன் என்ற முறையில் ஒரே சுவிட்சைப் பல அறைகளாகத் தடுக்கலாம். ஒவ்வொரு டேட்டா பொட்டலத்திலும் எந்த அறை என்று ஒரு எண்ணை ஒட்டிவிடும், 4094 வரை எண் உண்டு. நான் மூன்று வைத்தேன், பில்லிங், கேமரா, விருந்தினர். விருந்தினர் அறையிலிருந்து இணையத்துக்கு மட்டும் கதவு.

ஐந்தாம் படி: கிளைகளைச் சேர்ப்பது

புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்தக் கிளைக்குத் தனி ஜிஎஸ்டி எண், பில்லும் தனி. ஆனால் சரக்கு இருப்பு மூன்று இடத்துக்கும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இதற்கு விபிஎன். இணையத்துக்குள்ளேயே ஒரு மூடிய குழாய் மாதிரி, இரு முனையிலும் ரவுட்டர் பூட்டித் திறக்கும், நடுவில் யாரும் படிக்க முடியாது. கடலூரை நடுவில் வைத்து மற்ற இரண்டையும் அதனுடன் இணைத்தால் அதுவும் ஸ்டார்தான், ஊர் அளவிலான ஸ்டார்.

ஒரு தடை வரும். 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கும் முகவரி உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் தெரிந்தால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். வெளியிலிருந்து யாரும் உங்களை நேராக அழைக்க முடியாது. நடுக் கிளைக்காவது நிலையான பொது ஐபி கேட்டு வாங்குங்கள்.

கல்லூரி, பெரிய மருத்துவமனை என்றால் மூன்று அடுக்கு, கருவிகள் மாட்டும் அடுக்கு, அவற்றைத் திரட்டும் அடுக்கு, நடு மையம். டேட்டா சென்டர்களில் ஸ்பைன் லீஃப் என்ற அமைப்பு. கீழ்ச் சுவிட்ச் ஒவ்வொன்றும் மேல்ச் சுவிட்ச் எல்லாவற்றோடும் இணைந்திருக்கும். தொலைபேசி இணைப்பகங்களுக்காக 1953-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் சார்லஸ் க்ளோ (Clos) எழுதிய கணக்கிலிருந்து வந்தது. கடைக்கு இவை தேவைப்படாது.

ஆறாம் படி: பிடுங்கிப் பார்ப்பது

இதைச் செய்யாமல் நான் எந்த இடத்தையும் ஒப்படைப்பதில்லை. கடை சாத்திய பிறகு, ராத்திரி ஒன்பதரை மணிக்கு, முதலாளியையும் கணக்கரையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒவ்வொரு கம்பியாகப் பிடுங்கினேன். இணையத்தைப் பிடுங்கினோம். கடலூரில் பில் ஓடியது, கேமரா ஓடியது, புதுச்சேரிக்கு இருப்பு தெரியவில்லை. தாளில் எழுதினோம். கடையின் மின்சார மெயின் ஸ்விட்சை அணைத்தோம். யூபிஎஸ் நாற்பது நிமிடம் தாங்கியது. சர்வர் கம்பியைப் பிடுங்கினோம். இரண்டு கவுன்டரும் நின்றன, எதிர்பார்த்ததுதான். முதல் கவுன்டர் கணினியில் நேற்றைய பேக்கப்பைத் திறந்து பில் போட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தோம், பதினேழு நிமிடம். கணக்கர் அதைத் தானே ஒரு முறை செய்து பார்த்தார், இரண்டாம் முறை பன்னிரண்டு.

அந்தத் தாளில் இரண்டு படமும் இருக்கின்றன. முன்பக்கம் அம்புகள், பின்பக்கம் கம்பிகள், ஓரத்தில் முகவரிகளும் பிடுங்கினால் எது நிற்கும் என்ற குறிப்பும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன், கூடவே ஒரு பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். போன மாதம் ஒன்பதாவது கேமரா மாட்ட வேறொரு பையன் வந்திருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது கேமரா அறையில் புது வட்டமும், சுவிட்சின் எந்தத் துளை என்பதும் பென்சிலில் எழுதியிருந்தன.